தட்டாமல் விட்ட இடுப்பு

ஏறட்டும். ஏறிக்கொண்டே இருக்கட்டும். அந்தப் பச்சை பனியன் கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய்த் தொலையட்டும், எனக்கென்ன. நான் கீழே நின்று கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறேன், பதினோரு கோடையாக அதுதானே என் உத்தியோகம். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் பாறை சூடேறிவிட்டது, கழுத்துக்குப் பின்னால் வெயில் குந்திக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. தொப்பைக்கல் என்று இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தது நான். வைத்தது தான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான் லோகு, இப்போது ஏறிக்கொண்டிருக்கிறவன். கீழே நாற்பதடிக்குச் சறுக்குப் பாறை, அதற்கு மேல் கை நுழைகிற மாதிரி ஒரு வெடிப்பு, வெடிப்பு முடிகிற இடத்தில் அரையடி அகலத்துக்கு ஒரு விளிம்பு, விளிம்புக்கு மேல் பாறை வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும், அதுதான் தொப்பை. அவனுக்கும் இப்போது கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது, பனியனை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறான். கயிறு அவன் இடுப்பிலிருந்து மேலே போய், உச்சியில் அடித்திருக்கும் இரண்டு இரும்பு வளையங்களில் நுழைந்து, திரும்பி என் இடுப்புக்கு வருகிறது. அவன் ஓரடி ஏறினால் நான் ஓரடி இழுத்துக்கொள்ள வேண்டும். அவன் வழுக்கினால் நான் பிடிக்க வேண்டும். அவன் விசிலடிப்பான், நான் பிடிக்க வேண்டும். இன்றைக்கும் விசிலடிக்கிறான். நேற்று சாயங்காலம் அப்படி ஒரு சேதியைச் சொல்லிவிட்டுக் காலையில் விசிலடிக்கிற வாய் எப்படிப்பட்ட வாய் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு நான் தட்டவில்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் ஏறினான்.

தட்டுவது என்றால் வேறொன்றுமில்லை. ஏறுகிறவன் கால் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால், கயிறு பிடிக்கிறவன் அவன் முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும், ஏறுகிறவன் பிடிக்கிறவனுடைய கொக்கியைத் திருகிப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஒருவர் இடுப்பில் ஒருவர் ஓங்கி ஒரு தட்டு. தட்டாமல் யாரும் ஏறக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான். ஈரோட்டில் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை, கயிறு பார்ப்பதுதான் வேலை, அபார்ட்மென்ட் மொட்டை மாடிகளில் மெஷின் ரூமுக்குள் குனிந்து, இரும்புக் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் கண் போய் அங்கே நிற்கும். மளிகைக் கடையில் சாக்குத் தைத்திருக்கிற சணலைக்கூட என் கண் சும்மா விடாது. முதல் கோடையில் நான் இதைச் சொன்னபோது லோகு சிரித்தான், டைல்ஸ் கடை முதலாளிக்கு எல்லாமே சிரிப்புதான், "ஏன்டா மாப்ள, இடுப்பத் தட்டறதுக்கு நான் என்ன உன்ர பொண்டாட்டியா" என்றான், ஆனாலும் தட்டினான், அப்புறம் அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான், அப்புறம் அது அவனுடைய சட்டமாகிவிட்டது. இன்றைக்குக் காலையில் நான் ஆறடி தள்ளி நின்றேன். "ஏறட்டுமா?" என்றான். "ம்" என்றேன். உடனே ஏறவில்லை. இடுப்பை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றான். சத்தியமாக நின்றான், இரண்டு மூன்று நொடி. நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். நாடா அவிழவே இல்லை, அவிழ்த்துக் கட்டினேன். நிமிர்ந்தபோது அவன் கை பாறையில் இருந்தது.

முட்டி என்றான். என் முட்டியைப் பற்றி அவனுக்கு என்ன அக்கறை. நேற்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, நான் கூடாரத்துக்கு முன்னால் தக்காளி நறுக்கிக்கொண்டிருக்கிறேன், சுகந்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள், பேங்கில் மேனேஜர், இரண்டாவது கோடையிலிருந்து எங்களோடு வருகிறவள், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவளுக்கு. அந்தப் புது ஆள் நிரஞ்சன் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுத் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறான், இந்த வருஷம் சேர்ந்தவன், பங்குனியில் சேர்ந்தான், மொத்தமாக ஏழு வாரம். லோகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் நறுக்கி வைத்ததிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னான், "மாப்ள, அக்டோபருக்கு நிரஞ்சனக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறன். உனக்கு முட்டி செரியில்ல பாரு. உன்ர நல்லதுக்குத்தான்." இமாச்சலத்தில் ஒரு மலை. இரண்டே பேர், ஒரே கயிறு, ஒன்பது நாள். நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த மலை. அதன் படம் என் பீரோவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, தினம் சட்டை எடுக்கும்போது பார்க்கிறேன். அவன் தக்காளியை மென்றுகொண்டே சொன்னான். மென்று முடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். நான் "செரி" என்றேன். வேறென்ன சொல்ல முடியும், ஒப்பாரியா வைக்க முடியும், தண்டால் எடுக்கிறவன் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது லோகு பழைய கதையை எடுத்தான், மூன்றாவது கோடையில் அவன் இந்த வெடிப்பிலிருந்து வழுக்கினதும் நான் பிடித்ததும், கயிறு ஓடி என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ஒரு மாசம் ஸ்பூனில் சோறு தின்றதும். அதை எப்படிச் சொன்னான் என்றால், "இவன் கையப் பாக்கோணுமே நிரஞ்சா, தோசக்கல்லுல வெச்ச மாதிரி" என்று சிரிக்கச் சிரிக்க. நிரஞ்சன் சிரித்தான். என் கையில் இப்போதும் ரேகை பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் கையால்தான் இந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறேன்.

"என்றா பூபதி, தூங்கறியா? கயிறு தொங்குது பாரு, இழுத்துப் புடி!" மேலேயிருந்து கத்துகிறான். சறுக்கைத் தாண்டிவிட்டான், வெடிப்பில் வலது கையை நுழைத்து நிற்கிறான். கயிறு தொங்கத்தான் செய்கிறது. நான் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று யாராவது கேட்டால், கை வலிக்கிறது, வெயில் கண்ணைக் கூசுகிறது, கோபம், எதையாவது சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் உண்மைதான். மூன்றடிக்குத் தொங்குகிறது. பதினோரு வருஷத்தில் நான் இவ்வளவு தளர்வாக விட்டதில்லை, பிடித்தால் அரையடி மிச்சமிருக்காது என்று சுகந்தியே சொல்லுவாள். இழுத்தால் என்ன ஆகும். முடிச்சு சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சரியாகத்தான் இருக்கும். நான் பார்க்கவில்லை, அதனால் சரியாக இல்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. எட்டு முடிச்சு சின்னப் பிள்ளை போட்டுவிடும். முதலில் கயிற்றில் ஓர் எட்டு. அப்புறம் நுனியை இடுப்பு பெல்ட்டின் வளையத்துக்குள் விட்டு, போட்ட எட்டின் வழியாகவே நுனியைத் திரும்பவும் முழுசாக ஓட்டி வர வேண்டும். அந்த இரண்டாவது ஓட்டம்தான் உயிர். அது இல்லாவிட்டால் நுனி சும்மா செருகிக்கொண்டு கிடக்கும், பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், பாரம் விழுந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மேலேயிருந்து யாராவது இழுத்துக்கொண்டே இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உருவும். யாராவது என்ன யாராவது. மேல் வளையம் வழியாக அதை இழுக்கிறவன் நான்தான். அவன் ஆயிரம் தடவை போட்ட முடிச்சு. ஆயிரத்தொன்றாவது தடவையில் மறப்பானா. பேசிக்கொண்டே போட்டான். அவன் எதையுமே பேசிக்கொண்டேதான் செய்வான், வண்டி ஓட்டும்போதும் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துப் பேசுகிற ஜென்மம்.

காலையில், இவன் ஏறுவதற்கு முன்னால், நிரஞ்சனும் சுகந்தியும் கேனைத் தூக்கிக்கொண்டு சுனைக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினார்கள். அப்போதுதான் லோகு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நிரஞ்சன் பத்தடி போய்த் திரும்பி, "அண்ணா, அக்டோபருக்கு ஷூ எத்தன சைஸ் பெருசா வாங்கோணும்?" என்றான். அக்டோபர் என்றான். என் முன்னால் நின்று அந்த மாதத்தின் பெயரைச் சொன்னான். லோகு தலையைத் தூக்கி, கையை விட்டுவிட்டு, விரலை விரித்து அளவு காட்டி, "ரெண்டு சாக்ஸு போடற மாதிரி, ஒரு சைஸு பெருசு" என்று விளக்கினான், குளிரைப் பற்றிச் சொன்னான், இன்னும் ஏதோ சொன்னான். அப்புறம் அவர்கள் போனார்கள். அப்புறம் இவன் பனியனைக் கீழே இழுத்துவிட்டு, கையில் சாக்பவுடரைத் தேய்த்துக்கொண்டு, ஏறட்டுமா என்றான். விரலை விரித்ததற்கும் பனியனை இழுத்ததற்கும் நடுவில் அவன் கை மறுபடி முடிச்சுக்குப் போனதா. போயிருக்கும். நான் அவன் கையைப் பார்க்கவில்லை. நான் நிரஞ்சனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஈச்ச மரத்தில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. கரிச்சானின் வால் பிளவுகூட ஞாபகம் இருக்கிறது எனக்கு. பிரிந்த இழையை எட்டடி தூரத்தில் கண்டுபிடிக்கிற கண், ஆறடியில் இருந்த முடிச்சை விட்டுவிட்டுக் கரிச்சானைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். யாரிடம் கதை விடுகிறேன்.

"கயிறு! டேய்! கயிறு!" இழுக்கிறேன், ஓரடி, ரொம்ப மெல்ல, மரத்திலிருந்து கள்ளுப் பானையை இறக்குகிறவன் மாதிரி மெல்ல. கயிறு நகர்கிறது. அந்தப் பக்கம் அவன் இடுப்பில் எதுவோ நகர்ந்ததா, இங்கிருந்து தெரியவில்லை, பனியன் மறைக்கிறது. நிறுத்திவிட்டேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது, துடைக்கக் கை இல்லை. அவன் இப்போது ஐம்பதடியில் இருக்கிறான். கீழே என் காலடியில் மண் இல்லை, கல்தான், முன்னொரு காலத்தில் மேலேயிருந்து உருண்டு வந்த கற்கள், எருமை எருமையாகக் கிடக்கின்றன, அவற்றின் மேலேதான் நேற்று ஈரத் துண்டுகளைக் காயப்போட்டோம். அவன் துண்டு இன்னும் அங்கேயே கிடக்கிறது, எடுக்க மாட்டான், நான் எடுத்து மடித்துப் பையில் வைப்பேன் என்று விட்டுவிடுவான். வளர்மதி, அவன் சம்சாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும் எலுமிச்சைச் சோறு கட்டித் தருவாள், எனக்குத் தனி டப்பா, கடலை போடாமல், எனக்குக் கடலை ஆகாது என்று. நேற்றும் தந்தாள். "அண்ணா, அவர் பேசிட்டே ஏறுவாரு, நீங்க பாத்துக்கங்க" என்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்கிற வார்த்தைதான், போய்ட்டு வாங்க என்பது மாதிரிதான், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நான் பாத்துக்கறேன் என்றேன். கயிறு கையில் ஈரமாக இருக்கிறது. பார்த்தேன். சரி, பார்த்தேன். போதுமா. எட்டு முழுசாக ஓடவில்லை. நுனி வளையத்துக்குள் போய், எட்டின் முதல் வளைவுக்குள் மட்டும் நுழைந்து, நாலு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் கயிற்றில் நுனிக்குக் கறுப்பு டேப் சுற்றியது நான்தான், அந்தக் கறுப்பு இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. ஒரே பார்வையில் பார்த்தேன். அப்புறம்தான் கரிச்சானைப் பார்த்தேன். அப்புறம்தான் நாடாவை அவிழ்த்தேன்.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் ஒன்றும் கொலைகாரன் இல்லை. மூக்குடைபட வேண்டும், அவ்வளவுதான். ஆறடியோ ஏழடியோ ஏறினதும், இறங்குடா என்று சொல்லி, பனியனைத் தூக்கிக் காட்டி, இதுதான் உன் லட்சணம், உனக்கு முட்டி செரியில்லாதவன் வேண்டாமா, ஷூ சைஸ் கேக்கறவன் போதுமா, என்று கேட்க வேண்டும். அதை அந்த நிரஞ்சன் தன் காதால் கேட்க வேண்டும். அதற்கு அவன் சுனையிலிருந்து வர வேண்டும். தண்ணீர் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும், ஐந்து நிமிஷம் ஆகுமா. நான் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம், ஆள் சேரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன், கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூட்டுகிறவன் மாதிரி. அவன் எட்டடியில் இருந்தான், குதித்தாலும் கால்கூடச் சுளுக்காது. அவர்கள் வரவில்லை. பதினைந்தடி. சுனையில் தண்ணீர் குறைந்திருக்கும், கோடை, டம்ளரில் மொண்டு ஊற்றுவார்கள். இருபதடி. அப்புறம் சொல்வதற்கு ஒரு நேரம் இருந்தது, அது எப்போது தாண்டியது என்று தெரியவில்லை, பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பை விட்டவனுக்கு எங்கே விட்டோம் என்று தெரியாத மாதிரி தாண்டிவிட்டது. அதற்கு மேல் சொன்னால் இறங்கத் தெரியாது அவனுக்கு, ஏறத்தான் தெரியும், சறுக்கில் கால் நடுங்கி வழுக்கிவிடுவான். சொல்லாமலிருப்பதுதான் நல்லது என்று என் மூளை எனக்கு வக்காலத்து வாங்கியது. என்னமாய் வாதாடுகிறது. சொன்னால் விழுவான், சொல்லாவிட்டால் ஏறிவிடுவான். எங்கே ஏறுவான். விளிம்பு வரைக்கும் ஏறுவான். விளிம்பில் நின்றதும் தொப்பைக்கு முன்னால் கயிற்றில் உட்காருவான். நாலாவது கோடையிலிருந்து உட்காருகிறான், "புடி மாப்ள" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் விட்டு, காலைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, ஊஞ்சலில் சாய்கிற மாதிரி சாய்ந்து, கையை உதறி, ஊரைப் பார்ப்பான். எழுபத்தாறு கிலோ. நாலு விரல் கயிறு.

விளிம்பில் கை வைத்துவிட்டான். இடது கால் மேலே வருகிறது. சொல், பூபதி. வாயைத் திற. எப்படிச் சொல்வது, பதறாமல் சொல்ல வேண்டும், லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், சாதாரணமாக, டீ சாப்பிட்டீங்களா என்கிற குரலில். வலது காலும் வந்துவிட்டது. நிற்கிறான். முதுகை நிமிர்த்துகிறான். அவனை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை, அந்த விசில் பிடிக்கவில்லை, பனியன் பிடிக்கவில்லை, செத்துப்போனால் அப்புறம் வாழ்நாள் பூராவும் அவனைப் பிடித்திருந்தது மாதிரி நடிக்க வேண்டும். "புடி மா..." என்று ஆரம்பித்தான். "உக்காராத!" என் குரல் இல்லை அது, ஏதோ மிருகம் கத்தியது. "உக்காராத லோகு! கைய விட்றாத! வெடிப்புல கையப் போடு, முழங்கை வரைக்கும் போடு, முடிச்சப் பாரு, முடிச்சு முழுசா இல்ல!" அவன் குனிந்து பார்த்தான். பனியனைத் தூக்கினான். விசில் நின்றது. அப்புறம், சின்னக் குரலில், எழுபதடி உயரத்திலிருந்து அவ்வளவு சின்னக் குரல் எப்படிக் கேட்டதோ, "மாப்ள, நுனி வெரக்கட அளவுதான் இருக்குதுடா" என்றான். நாலு விரல் நீளம் ஒரு விரல் அகலமாகச் சுருங்கியிருந்தது. மிச்சத்தை நான் இழுத்திருந்தேன். "நான் கயிறு விடறேன், தளர்வா விடறேன், நீ இழுத்துக்க, மெதுவா, ஒரு கையில போடு, பல்லுல கடிச்சுக்க." விட்டேன். மேல் வளையத்தில் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. இடது கையை முழங்கை வரை பாறைக்குள் திணித்துக்கொண்டு, வலது கையாலும் பல்லாலும் எட்டை ஓட்டினான். கால் இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடின. ஒரு தடவை நுனி கைநழுவியது, பல்லில் பிடித்துக்கொண்டான். நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன், கழுத்து இற்றுவிடும் போலிருந்தது. எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது. "போட்டுட்டேன்" என்றான். "இழுத்துப் பாரு." "பாத்துட்டேன்." "இன்னொருக்கா பாரு." பார்த்தான். இறக்கினேன். பதினோரு வருஷத்தில் யாரையும் அவ்வளவு மெல்ல இறக்கியதில்லை.

சத்தம் கேட்டு அவர்கள் ஓடி வந்தார்கள், கேன் இல்லாமல், நான் கூட்ட நினைத்த கூட்டம் இப்போதுதான் கூடியது. லோகு கல்லின் மேல் உட்கார்ந்தான், தன் துண்டின் மேலேயே. இடது கை தோல் வழன்று ரத்தம். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான், அவனுடைய வியர்வை நாற்றம், சாக்பவுடர், என் தோளில் முகத்தை வைத்து அழுதான், நாற்பத்திரண்டு வயசு ஆள், குலுங்கிக் குலுங்கி. "இவன் இல்லீனா இன்னைக்கு என்னப் பொறுக்கித்தான் எடுத்திருக்கோணும்" என்றான் அவர்களிடம். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கண்ணுக்கு ஈடே இல்லீங்க பூபதி" என்றாள். "எப்பட்றா பாத்த? எப்பப் பாத்த?" என்று லோகு கேட்டான், மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டான். திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். ஏன்டா தட்டல என்று சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். "வெடிப்பு தாண்டறப்ப பனியன் தூக்குச்சு, அப்ப" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. "காலைல தட்டாம ஏறினது என்ர தப்பு" என்றான். அவன் தப்பாம். "உன்ர மேல கோவம்டா, நீ நேத்துல இருந்து மூஞ்சியத் தூக்கிட்டே இருந்தியா, செரி போடான்னு ஏறிட்டேன்." பிறகு நிரஞ்சன் பக்கம் திரும்பினான். "நிரஞ்சா, தப்பா நெனச்சுக்காத. அக்டோபருக்கு பூபதிதான் வர்றான். இனி என்ர கயித்த வேற ஆரும் புடிக்க வேண்டாம்." நிரஞ்சன், அந்தப் பாவி, ஒரு நொடிகூட முகம் மாறாமல், "அதாங்கண்ணா கரெக்ட்டு" என்றான். கிடைத்துவிட்டது. நான்கு வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது, பீரோக் கதவில் ஒட்டியிருக்கிற மலை. அந்த நிமிஷத்தில் லோகுவை வெறுத்த மாதிரி நான் எப்போதும் வெறுத்ததில்லை.

"இப்ப நீ ஏறு மாப்ள" என்றான், கைக்குக் கட்டுப் போட்டதும். வேண்டாம் என்றேன். "பயத்தோட வீட்டுக்குப் போகக் கூடாது, நீதான சொல்லுவ" என்றான், நான்தான் சொல்வேன், என் சட்டங்களெல்லாம் ஒவ்வொன்றாக என் கழுத்துக்கே வருகின்றன. முடிச்சுப் போட்டேன். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, ரத்தம் ஊறின கட்டோடு, இரண்டு கையாலும் இழுத்தான், எட்டின் ஒவ்வொரு வளைவையும் விரலால் தடவிப் பார்த்தான், மறுபடி இழுத்தான், எழுந்து என் இடுப்பில் ஓங்கித் தட்டினான். பிறகு தன் இடுப்பை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றான், காலையில் நின்ற அதே மாதிரி. கொக்கியைத் திருகிப் பார்த்தேன், பூட்டியிருந்தது. தட்டினேன். "இதென்றா, ஈ ஓட்டறியா? பலமாத் தட்டு" என்றான். பலமாகத் தட்டினேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஏறினேன். சறுக்கு, வெடிப்பு, வெடிப்பில் அவன் கையின் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது, அதிலேயே என் கையையும் நுழைத்து ஏறினேன். கயிறு கொஞ்சமும் தொங்கவில்லை, நான் ஏற ஏற இழுத்துக்கொண்டே இருந்தான், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. விளிம்புக்கு வந்துவிட்டேன். முட்டி வலி உயிர் போகிறது. முடிச்சைப் பார்க்கிறேன், முழு எட்டு. இன்னொரு முறை பார்க்கிறேன். "உக்காருடா! நான் புடிச்சிருக்கறன், உக்காரு!" என்று கீழேயிருந்து கத்துகிறான். முகத்தை அண்ணாந்து வைத்திருக்கிறான், இங்கிருந்து பார்த்தால் உள்ளங்கை அளவு முகம், அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சிநேகிதம்தான் இருக்கும். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற முகத்துக்குள் என்னவெல்லாம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும், இந்த மலையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், அது தெரிந்த தலையோடு அக்டோபரில் ஒன்பது நாள் இவனோடு ஒரே கயிற்றில் கிடக்க வேண்டும். வெடிப்புக்குள் கையை முழங்கை வரை திணித்துக்கொண்டேன். கால் ஆட ஆரம்பித்துவிட்டது. "உக்காரு மாப்ள, நானிருக்கறன்!" என்று அவன் மறுபடி கத்துகிறான். நான் உட்காரவில்லை.